மொழிபெயர்ப்பாளரா, நூலாசிரியரா? மார்மனியத்தின் பிறப்பும் பெயரும்

1830ஆம் ஆண்டு மார்ச் மாத இறுதியில், நியூயார்க் மாநிலத்தின் மேற்குப் பகுதியிலுள்ள பால்மைரா என்னும் சிற்றூரில், ஈ. பி. கிராண்டின் என்பவரின் அச்சகத்திலிருந்து ஏறத்தாழ 590 பக்கங்கள் கொண்ட நூலொன்று விற்பனைக்கு வந்தது. அச்சிட்டவை 5,000 படிகள். செலவு 3,000 டாலர். அந்தத் தொகைக்காக மார்ட்டின் ஹாரிஸ் என்ற வசதியான உழவர் தம் பண்ணையை ஈடு வைத்திருந்தார். நூலின் பெயர் 'மார்மன் நூல்'. பழங்காலத் தீர்க்கதரிசிகள் ஏடுகளில் பொறித்துப் புதைத்து வைத்த வரலாறு இது என்றும், இறைவனின் கொடையால் இதன் பொருள் வெளிப்பட்டது என்றும் அதன் முகப்பு அறிவித்தது. ஆனால் அதே முகப்பில் ஜோசப் ஸ்மித் என்ற 24 வயது இளைஞரின் பெயருக்குப் பின்னால் அச்சாகியிருந்த சொற்கள் வேறு விதமானவை: 'நூலாசிரியரும் உரிமையாளரும்'. 1837இல் இரண்டாம் பதிப்பு வந்தபோது அவ்விடத்தில் 'மொழிபெயர்த்தவர்' என்று திருத்தப்பட்டிருந்தது.

இதற்குச் சட்டம் சார்ந்த விளக்கம் ஒன்று உண்டு. அன்றைய அமெரிக்கப் பதிப்புரிமைப் பதிவில் 'ஆசிரியர்', 'உரிமையாளர்' ஆகிய சொற்களே வழங்கின. பதிவுப் படிவத்தின் வாசகம் அப்படியே முகப்புக்கு ஏறியது. எதிர்ப்பாளர்கள் அதை ஒப்புதல் வாக்குமூலம் என்றனர். பற்றாளர்கள் வெறும் சட்டச் சடங்கு என்றனர். சட்ட விளக்கமே பெரும்பாலும் சரியாக இருக்கும். ஆயினும் மார்மனியத்தின் ஏறத்தாழ 200 ஆண்டு வரலாற்றை இவ்விரு சொற்களுக்கிடையிலான இழுபறியாகப் படிக்க இடமிருக்கிறது. நூல் மெய்யா பொய்யா என்ற வழக்கிலேயே ஆய்வின் பெரும்பகுதி செலவாகிவிட்டது. அதைக் காட்டிலும் பயன்தரும் கேள்வி ஒன்றுண்டு: இந்தச் சமூகம் 'மொழிபெயர்ப்பு' என்ற சொல்லால் எதைக் குறித்தது? தனக்கு வந்த பெயர்களை எவ்வாறு ஏற்றது, எவ்வாறு உதறியது? ஒரு மதம் பிறந்ததையும், ஒரு மக்கள் கூட்டம் உருவானதையும், அக்கூட்டத்தின் அடையாளத்தைப் பிறர் மறுத்ததையும் இக்கேள்விகளின் வழியாகவே தெளிவாகக் காணலாம்.

ஸ்மித் 1805 டிசம்பர் 23 அன்று வெர்மான்ட் மாநிலத்தின் ஷாரன் ஊரில் பிறந்தவர். கடன்பட்டு, பயிர் பொய்த்து, பண்ணை பண்ணையாக இடம்மாறிய குடும்பம். 1815இல் இந்தோனேசியாவின் தம்போரா எரிமலை வெடித்ததன் விளைவாக 1816இல் நியூ இங்கிலாந்துக்குக் கோடையே வரவில்லை, அறுவடை பொய்த்தது. பிழைப்புத் தேடி மேற்கே நகர்ந்த ஆயிரக்கணக்கான குடும்பங்களில் ஸ்மித் குடும்பமும் ஒன்று. அவர்கள் சென்று சேர்ந்த பகுதி வழியாக 1825இல் ஈரி கால்வாய் முழுமையாகத் திறக்கப்பட்டது. சரக்குடன் சேர்ந்து ஊர்சுற்றிப் பிரசங்கிகளும் அங்கு வந்தனர். மெத்தடிஸ்ட், பாப்டிஸ்ட், பிரெஸ்பிட்டேரியன் சபைகள் ஆன்மாக்களுக்காகப் போட்டியிட்டன. எழுப்புதல் கூட்டங்கள் மீண்டும் மீண்டும் பற்றி எரிந்ததால் இனி எரிய விறகில்லை என்னும் பொருளில் 'எரிந்து தீர்ந்த வட்டாரம்' என்ற பெயர் பின்னாளில் இப்பகுதிக்கு நிலைத்தது. அமெரிக்கப் புரட்சிக்குப் பிந்தைய தலைமுறையில் அரச சபை இல்லை. குருமாரின் அதிகாரம் தளர்ந்திருந்தது. விவிலியம் எல்லார் கையிலும் இருந்தது. ஒரே நூலை வைத்துக்கொண்டு ஆளுக்கொரு பொருள் சொன்னதே அந்தத் தலைமுறையின் ஆன்மிக நெருக்கடி. தம் பதினான்காம் வயதில் எந்தச் சபை உண்மையானது என்று காட்டில் மண்டியிட்டு இறைவனிடம் கேட்டதாக ஸ்மித் பின்னர் எழுதினார். அந்த நிகழ்வை அவர் 1832 முதல் 1842 வரை பல முறை விவரித்தார். விவரணைகளில் வேறுபாடுகள் உள்ளன. 1832இன் கையெழுத்துப் படியில் பாவமன்னிப்பு முதன்மை பெறுகிறது. 1838க்குப் பிந்தையதில் சபைகள் அனைத்தும் தவறானவை என்ற அறிவிப்பு முதன்மை பெறுகிறது. ஒரு தனிமனிதரின் மனமாற்றக் கதை ஒரு திருச்சபையின் தோற்றக் கதையாக வளர்வதை இந்த இடைவெளியில் பார்க்கலாம்.

அதே இளைஞர் புதையல் தேடுவோருடனும் அலைந்தவர். ஒரு கல்லைத் தொப்பிக்குள் இட்டு உற்றுநோக்கி, நிலத்தடியில் மறைந்திருப்பதைச் சொல்லும் வழக்கம் அக்காலக் கிராமப்புறங்களில் இருந்தது. வெற்றிலையில் மை தடவிப் பார்த்துத் திருட்டுப்போன பொருளைச் சொல்லும் வழக்கத்தை அறிந்த தமிழ் வாசகருக்கு இது அந்நியமாகத் தோன்றாது. 1826இல் இத்தொழிலுக்காகவே ஸ்மித் பெயின்பிரிட்ஜ் ஊரில் நீதிபதி முன் நிறுத்தப்பட்டார். இதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்பே, 1823 செப்டம்பரில், மொரோனி என்ற தூதன் தோன்றி அருகிலுள்ள குன்றில் பொன்னேடுகள் புதைந்திருப்பதைக் காட்டியதாக அவர் கூறினார். 1827 செப்டம்பர் 22 அன்று அவற்றைப் பெற்றுக்கொண்டதாகச் சொன்னார். புதையல் தேடியவரின் கையில் வேதம் கிடைத்தது என்பதை எதிர்ப்பாளர்கள் ஏமாற்றின் தொடர்ச்சியாகக் கண்டனர். 2005இல் ஸ்மித்தின் விரிவான வரலாற்றை எழுதிய ரிச்சர்டு புஷ்மன் என்ற வரலாற்றாசிரியர் மார்மன் பற்றாளர். அவரே இந்த நாட்டார் மந்திரப் பழக்கத்தை மறைக்காமல் ஏற்று, அதை ஒரு தீர்க்கதரிசியின் பயிற்சிக்களமாக வாசித்தார். தரவு ஒன்றே, அதைக் கொண்டு கட்டும் கதைதான் வேறு.

மொழிபெயர்ப்பு நடந்த விதம் பற்றிய சான்றுகள் பெரும்பாலும் ஒன்றுபடுகின்றன. ஸ்மித் தொப்பிக்குள் கல்லை இட்டு, வெளிச்சம் புகாதபடி அதில் முகம் புதைத்து, தோன்றிய சொற்களை உரக்கச் சொன்னார். எதிரே அமர்ந்தவர் எழுதினார். ஏடுகள் துணியில் பொதிந்து மேசைமேல் கிடந்ததாக அவருடைய மனைவி எம்மா முதுமையில் நினைவுகூர்ந்தார். முதல் 116 பக்கங்களை 1828 கோடையில் மார்ட்டின் ஹாரிஸ் வாங்கிச் சென்று தொலைத்துவிட்டார். 1829 ஏப்ரலில் ஆலிவர் கௌடரி என்ற பள்ளி ஆசிரியர் எழுத்தராக வந்த பின் பணி விரைந்தது. ஜூன் இறுதிக்குள் ஏறக்குறைய முழு நூலும் முடிந்தது. திருச்சபையின் ஓவியங்கள் நெடுங்காலமாக ஸ்மித் ஏடுகளின்மேல் விரல் வைத்து வரிவரியாகப் படிப்பது போலவே காட்டி வந்தன. பெட்டகத்தில் இருந்த அந்தக் கல்லின் நிழற்படத்தைத் திருச்சபை 2015இல்தான் வெளியிட்டது. கல்லைவிட ஓவியமே நவீன மனத்துக்கு ஏற்புடையதாக இருந்தது; ஓவியத்தில் ஸ்மித் ஓர் அறிஞரைப் போல இருக்கிறார்.

ஏடுகளின் மொழி 'திருந்திய எகிப்தியம்' என்கிறது நூல். எருசலேமிலிருந்து கி.மு. 600 அளவில் புறப்பட்ட லேகி என்பவரின் குடும்பம் கடல் கடந்து அமெரிக்கா சேர்கிறது. நேபியர், லாமானியர் எனப் பிரிந்து போரிடுகிறது. உயிர்த்தெழுந்த கிறிஸ்து அங்கும் வருகிறார். கடைசியில் நேபியர் அழிகின்றனர். அழிவின் விளிம்பில் நின்று அனைத்தையும் தொகுத்தவரின் பெயரே மார்மன். அவருடைய மகன் மொரோனி. 1828 தொடக்கத்தில் ஹாரிஸ் சில எழுத்துருக்களின் படியை நியூயார்க் நகருக்கு எடுத்துச் சென்று கொலம்பியா கல்லூரியின் செவ்வியல் மொழிப் பேராசிரியர் சார்லஸ் ஆந்தனிடம் காட்டினார். பேராசிரியர் சான்று கொடுத்துப் பின் கிழித்துவிட்டார் என்றார் ஹாரிஸ். அப்படி எதுவும் சொல்லவில்லை, ஏமாறாதே என்றே எச்சரித்தேன் என்றார் ஆந்தன். பிரான்சில் ஷாம்போலியன் எகிப்திய எழுத்தை வாசிக்கும் திறவுகோலை 1822இல்தான் வெளியிட்டிருந்தார். அமெரிக்காவின் உள்நாட்டில் எகிப்தியம் அன்று ஒரு மொழியாக அறியப்படவில்லை. எல்லா இரகசியங்களையும் உள்ளடக்கிய புதிராகவே அது மதிக்கப்பட்டது. யாரும் படிக்க முடியாத எழுத்து என்பதே அதன் ஈர்ப்பு.

மொழியியல் மாணவர்கள் நின்று கவனிக்க வேண்டிய இடம் மூல மொழி அல்ல, இலக்கு மொழி. பழங்கால அமெரிக்காவில் எழுதப்பட்டதாகச் சொல்லப்படும் நூல் 1611ஆம் ஆண்டின் கிங் ஜேம்ஸ் விவிலிய ஆங்கிலத்தில் பேசுகிறது. ஏசாயாவின் பல அதிகாரங்கள் ஏறக்குறைய அதே சொற்களில் இடம்பெறுகின்றன. இறைவாக்குக்கென்று ஒரு நடை உண்டு, அந்த நடையில் வராதது வேதமாக ஒலிக்காது என்ற உணர்வு எல்லா வேதச் சமூகங்களுக்கும் பொது. 'சம்பவித்தது' என்றும் 'மெய்யாகவே மெய்யாகவே' என்றும் படித்துப் பழகிய தமிழ்க் கிறித்தவ வாசகருக்கு இதை விளக்கத் தேவையில்லை. ஆனால் 1830 பதிப்பில் அந்த உயர்நடையின் ஊடே கிராமத்து ஆங்கிலத்தின் இலக்கணமும் கலந்திருந்தது. ஒருமை வினையும் பன்மை எழுவாயும் முட்டிக்கொண்டன. உயர்திணைக்கும் அஃறிணைக்கும் ஒரே இணைப்புப் பெயர் வந்தது. 1837 பதிப்புக்காக ஸ்மித்தே நூற்றுக்கணக்கான இடங்களில் இவற்றைத் திருத்தினார். கேள்வி இங்கேதான் எழுகிறது. சொல்லுக்குச் சொல் இறைவனே காட்டியது என்றால் இலக்கணப் பிழை யாருடையது? கருத்து மட்டுமே அருளப்பட்டது, சொற்கள் ஸ்மித்துடையவை என்றால் கல்லில் தோன்றிய வரிகள் எவை? 1988 முதல் பாடபேத ஆய்வில் ஈடுபட்ட ராயல் ஸ்கௌசன் என்ற மொழியியலாளர், எழுதப்பட்ட முதற்படியில் எஞ்சிய ஏறத்தாழ 28 விழுக்காட்டை ஆராய்ந்து, சொற்கள் இறுக்கமாகவே அருளப்பட்டன என்று வாதிட்டார். பிழைகள் எனப்பட்டவற்றில் பல, ஸ்மித்தின் காலத்துக்கும் முந்தைய ஆங்கிலத்தின் வழக்குகள் என்பது அவர் கருத்து. வட்டார வழக்குகளில் பழைய வடிவங்கள் நெடுங்காலம் உயிரோடிருப்பது இயல்பே என்ற எதிர்வாதமும் வலுவானது. அவர் முடிவை ஏற்காதவர்களும் அவர் உருவாக்கிய பாடத்தையே பயன்படுத்துகின்றனர் என்பது அவ்வுழைப்புக்கான மதிப்பு.

நூலுக்கு வேறு மூலம் தேடியவர்களின் கதையும் உண்டு. சாலமன் ஸ்பால்டிங் என்பவரின் அச்சாகாத புதினத்தைத் திருடி எழுதியது என்ற குற்றச்சாட்டு 1834 முதல் அரை நூற்றாண்டு உலவியது. 1884இல் அக்கையெழுத்துப்படி ஹொனலூலுவில் கிடைத்தபோது இரண்டுக்கும் நெருக்கமான ஒற்றுமை இல்லை எனத் தெரிந்தது. ஈத்தன் ஸ்மித் என்ற போதகர் 1823இல் வெளியிட்ட, அமெரிக்கத் தொல்குடியினர் இசுரவேலின் தொலைந்த கோத்திரத்தார் என்று வாதிட்ட நூலுடனான ஒப்புமைகள் கூடுதல் கவனத்துக்குரியவை. அவற்றை 1920களின் தொடக்கத்தில் நேர்மையோடு பட்டியலிட்டவர் திருச்சபையின் உயர்தலைவர்களுள் ஒருவரான பி. எச். ராபர்ட்ஸ். அவருடைய ஆய்வு 1985 வரை அச்சேறவில்லை. ஒன்றை மட்டும் ஐயமின்றிச் சொல்லலாம்: தொல்குடியினரின் பூர்விகம் எது என்பது அக்காலத்து வெள்ளை அமெரிக்கர் அனைவரையும் அரித்த கேள்வி. மார்மன் நூல் அக்கேள்விக்கு விடை சொன்னது.

பொன்னேடுகளைத் தூதன் திரும்ப எடுத்துக்கொண்டதாகச் சொல்லப்படுவதால் அந்த மொழிபெயர்ப்பைச் சரிபார்க்க வழியில்லை. ஆனால் மூலம் கைக்குக் கிடைத்த ஒரு மொழிபெயர்ப்பும் இருக்கிறது. 1835 கோடையில் ஒஹாயோ மாநிலத்தின் கர்ட்லண்டுக்கு மைக்கேல் சாண்ட்லர் என்பவர் நான்கு எகிப்திய மம்மிகளையும் பாப்பிரசு சுருள்களையும் காட்சிக்குக் கொண்டுவந்தார். 2,400 டாலருக்கு அவை வாங்கப்பட்டன. ஒரு சுருளில் ஆபிரகாம் எழுதியது இருப்பதாக ஸ்மித் அறிவித்தார். 1842இல் 'ஆபிரகாம் நூல்' மூன்று படங்களுடன் வெளியானது. ஸ்மித்தின் மறைவுக்குப் பின் சுருள்கள் கைமாறின. 1871 சிகாகோ தீயில் அழிந்தன என்று எல்லாரும் நம்பினர். 1966இல் யூட்டா பல்கலைக்கழகத்தின் கோப்திய அறிஞர் அசீசு அத்தியா நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் சில துண்டுகளைக் கண்டார். 1967இல் அவை திருச்சபையிடம் ஒப்படைக்கப்பட்டன. எகிப்தியவியலாளர்கள் படித்துப் பார்த்தனர். அவை இறந்தோர் மறுமையில் வாழ உதவும் ஈமச் சடங்கு நூல்கள். ஆபிரகாமின் காலத்துக்குப் பல நூற்றாண்டுகள் பிற்பட்டவை. ஆபிரகாமின் பெயரே அவற்றில் இல்லை.

ஒரு வேத நூலுக்கு இதைவிடக் கடுமையான சோதனை அமைவது அரிது. இதற்குப் பின்னும் நூல் வேதத் தொகுப்பிலிருந்து நீக்கப்படவில்லை. எஞ்சிய துண்டுகளில் உள்ள எழுத்துகளின் பொருள் ஆபிரகாம் நூலுடன் பொருந்தவில்லை என்பதைத் திருச்சபை 2014இல் தன் கட்டுரையொன்றில் ஏற்றுக்கொண்டது. உரிய பகுதி தீயில் போயிருக்கலாம், அல்லது சுருள் வெளிப்பாட்டுக்கு ஒரு தூண்டுகோலாக மட்டும் இருந்திருக்கலாம் என்றது. இரண்டாவது விளக்கத்தைச் சமாளிப்பு என்று ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால் ஸ்மித்தின் சொல்வழக்கை ஆராய்ந்தால் அதற்கு வேர் உண்டு என்பது தெரியும். 1830 முதல் 1833 வரை அவர் விவிலியத்தைப் 'புதிதாக மொழிபெயர்த்தார்'. எபிரேயமோ கிரேக்கமோ அப்போது அவருக்குத் தெரியாது; முன்னால் இருந்தது அச்சான ஆங்கில விவிலியம். அதில் வரிகளைச் சேர்த்தார், மாற்றினார், முழு அதிகாரங்களை விரித்தார். அதையும் மொழிபெயர்ப்பு என்றே அழைத்தார். அவருக்கு மொழிபெயர்ப்பு என்பது, இருக்கும் பனுவலுக்குப் பின்னால் தொலைந்துபோன இன்னொரு பனுவலை மீட்பது. பின்னர் 1836 குளிர்காலத்தில் ஜோஷுவா சேஷஸ் என்ற ஆசிரியரிடம் எபிரேயம் கற்றபோது அவர் மகிழ்ந்து கற்ற மாணவர்; இல்லினாய் மாநிலத்தில் அவர் நிறுவிய நகருக்கு இட்ட 'நாவூ' என்ற பெயர் ஏசாயாவின் எபிரேயச் சொல்லிலிருந்து வந்தது. புலமை வழி மொழிபெயர்ப்பையும் அருள் வழி மொழிபெயர்ப்பையும் அவர் முரணாகக் கருதியதில்லை. இரண்டும் ஒரே சொல்லுக்குள் அடங்கியதுதான் பிற்காலத்தார்க்குச் சிக்கலானது.

1830 ஏப்ரல் 6 அன்று நிறுவப்பட்டபோது இச்சபையின் பெயர் 'கிறிஸ்துவின் சபை'. 1834இல் 'பிற்காலப் பரிசுத்தவான்களின் சபை'. 1838இல் இரண்டும் இணைந்து 'பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை' ஆயிற்று. 'மார்மன்' என்பது இவற்றில் எங்கும் இல்லை. அது எதிரிகள் இட்ட வசைப்பெயர். மெத்தடிஸ்ட், குவேக்கர் ஆகிய பெயர்களும் கேலியாகப் பிறந்தவையே. மார்மன்கள் அதை ஏற்றுப் பெருமைப்படுத்தினர். 1843இல் ஸ்மித்தின் பெயரால் நாவூ இதழில் வந்த கடிதம், 'மேலும்' என்னும் ஆங்கிலச் சொல்லும் 'நன்மை' என்னும் பொருளுடைய எகிப்தியச் சொல்லும் சேர்ந்ததே மார்மன் என்று சொற்பிறப்பு கூறியது. மொழியியல் அளவில் இது பொருட்படுத்தத் தக்கதல்ல. ஆனால் வசையை வாழ்த்தாக மாற்ற விழையும் சமூகத்துக்கு இப்படியொரு சொற்பிறப்பு தேவைப்பட்டது.

பெயரை ஒன்றாக்கியது துன்பம். மிசௌரி மாநிலத்தில் குடியேறியவர்கள் ஒன்றாக நிலம் வாங்கினர், ஒன்றாக வாக்களித்தனர். அடிமைமுறை நிலவிய மாநிலத்தில் வடபுலத்தாராகிய அவர்கள்மேல் ஐயம் வளர்ந்தது. 1838இல் இரு தரப்பும் ஆயுதமேந்தின. மார்மன் படைகளும் வீடுகளை எரித்தன. அக்டோபர் 27 அன்று ஆளுநர் லில்பர்ன் பாக்ஸ், மார்மன்களை ஒழிக்க வேண்டும் அல்லது மாநிலத்தை விட்டுத் துரத்த வேண்டும் என ஆணையிட்டார். மூன்று நாள் கழித்து ஹான்ஸ் மில் குடியிருப்பில் 17 மார்மன்கள் கொல்லப்பட்டனர். ஆணை முறைப்படி விலக்கப்பட்டது 1976இல். நாவூவில் இரகசியமாகப் பலதாரமணம் பரவியது. அதை அம்பலப்படுத்திய செய்தித்தாளின் அச்சகத்தை நகர மன்றத்தின் ஆணையால் உடைத்தனர். அதன் தொடர்விளைவாகச் சிறையில் அடைக்கப்பட்ட ஸ்மித்தை 1844 ஜூன் 27 அன்று கார்த்தேஜில் கும்பலொன்று சுட்டுக் கொன்றது. இயக்கம் பிளந்தது. பெரும்பான்மையினர் பிரிகாம் யங்கின் பின் சென்று 1847 ஜூலையில் சால்ட் லேக் பள்ளத்தாக்கை அடைந்தனர். எம்மாவும் பிள்ளைகளும் போகவில்லை. மூத்த மகன் 1860இல் தலைமையேற்ற மறுசீரமைக்கப்பட்ட சபை 2001இல் 'கிறிஸ்துவின் சமூகம்' எனப் பெயர் மாற்றிக்கொண்டது.

பாலைநிலத்தில் யங் கனவு கண்ட நாட்டின் பெயர் 'டெசரெட்'. மார்மன் நூலில் தேனீயைக் குறிக்கும் சொல். நாட்டுக்கெனத் தனி எழுத்தும் வகுக்கப்பட்டது. பிரிட்டனில் மார்மன் திருமுழுக்குப் பெற்ற முதல் மனிதரும் பிட்மன் சுருக்கெழுத்தில் தேர்ந்தவருமான ஜார்ஜ் வாட் 1850களில் உருவாக்கிய டெசரெட் எழுத்தில் 38 குறிகள். ஆங்கிலத்தை ஒலிப்படி எழுதினால் வேல்ஸிலிருந்தும் ஸ்காண்டிநேவியாவிலிருந்தும் வந்த குடியேறிகள் எளிதில் கற்பர் என்பது வெளிப்படையான நோக்கம். வெளியுலக அச்சிலிருந்து அடுத்த தலைமுறையைக் காக்கும் வேலியாகவும் அது உதவியிருக்கும். 1868இல் பாடநூல்களும் 1869இல் மார்மன் நூலும் அவ்வெழுத்தில் அச்சாயின. அதே 1869 மே மாதம் கண்டம் கடக்கும் இருப்புப்பாதை யூட்டாவின் பிராமன்டரியில் இணைந்தது. வேலிக்குப் பொருளில்லாமல் போயிற்று. இன்று அவ்வெழுத்து ஒருங்குறியில் மட்டும் பத்திரமாக இருக்கிறது.

1852 ஆகஸ்டில் பலதாரமணம் வெளிப்படையாக அறிவிக்கப்பட்டது. அதே மாநாட்டில்தான் இந்தியாவுக்கான ஊழியர்களும் பெயர் குறிக்கப்பட்டனர். அடுத்த ஆண்டு சென்னைக்கு வந்த ரிச்சர்டு பாலன்டைன் அங்கு ஒரு மாத இதழே நடத்திப் பார்த்தார். பலதாரமணச் செய்தி அவருக்கு முன்பே கப்பலேறி வந்திருந்தது. ஆனால் இந்தியாவுக்கும் மார்மனியத்துக்குமான ஆழ்ந்த தொடர்பு அந்தச் சிறு ஊழியத்தில் இல்லை. நீதிமன்றத் தீர்ப்புகளில் இருக்கிறது. 1879இல் ரேனால்ட்ஸ் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், நம்பிக்கைக்குச் சுதந்திரம் உண்டு, செயலுக்கு இல்லை என்றது. கணவனின் சிதையில் விழுவது தன் சமயக் கடமை என்று ஒரு பெண் நம்பினால் அரசு தடுக்கக்கூடாதா என்று கேட்டு உடன்கட்டையை உதாரணம் காட்டியது. பலதாரமணம் ஆசிய, ஆப்பிரிக்க மக்களுக்கே உரிய வழக்கம் என்றும் கூறியது. 1890இல் திருச்சபையின் சொத்துப் பறிமுதலை உறுதிசெய்த தீர்ப்பில் உடன்கட்டையோடு தக்கர்களும் சேர்ந்துகொண்டனர். வெள்ளை அமெரிக்கர்களான மார்மன்களைக் கிறித்தவ நாகரிகத்துக்கு வெளியே தள்ள, காலனிய இந்தியா ஓர் அளவுகோலாகப் பயன்பட்டது. தண்டனை பெற்ற ஜார்ஜ் ரேனால்ட்ஸோ சிறையில் அமர்ந்து மார்மன் நூலுக்குச் சொல்லடைவு தொகுக்கத் தொடங்கினார். அது 1900இல் வெளியானது.

அதே 1890இன் டேவிஸ்–பீசன் வழக்கு ஐடஹோ மார்மன்களின் வாக்குரிமைப் பறிப்பை ஏற்றது. சமயம் என்பது தன்னைப் படைத்தவனோடு ஒருவருக்குள்ள உறவு பற்றிய கருத்தும் அதிலிருந்து எழும் கடமைகளும் என அது வரையறுத்தது. வழிபாட்டு முறை வேறு, சமயம் வேறு என்றது. 1954இல், சென்னை மாநில அறநிலையச் சட்டத்தை எதிர்த்த சிரூர் மடம் வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம் இந்த வரையறையை எடுத்துப் பரிசீலித்து, துல்லியமானதோ போதுமானதோ அல்ல என நிராகரித்தது. படைத்தவனை ஏற்காத பௌத்தமும் சமணமும் சமயங்களே. சடங்கும் உணவும் உடையும்கூடச் சமயத்தின் பகுதியாகலாம் என்றார் நீதிபதி பி. கே. முகர்ஜி. இந்தியச் சட்ட மாணவர்கள் மனப்பாடமாக அறிந்த இப்பகுதியின் பின்னணியில் வாக்குரிமை இழந்த ஐடஹோ மார்மன்கள் நிற்கிறார்கள் என்பது வகுப்பறைகளில் அரிதாகவே சொல்லப்படுகிறது.

1890 செப்டம்பரில் தலைவர் வில்ஃபர்ட் உட்ரஃப் பலதாரமணத்தைக் கைவிடும் அறிக்கையை வெளியிட்டார்; 1896இல் யூட்டா மாநிலமாயிற்று. குற்றவாளிகளாகக் கருதப்பட்டவர்கள் இரு தலைமுறைக்குள் கட்டுப்பாடான அமெரிக்கக் குடும்பத்தின் மாதிரியாகிப் போயினர். ஆனால் உள்ளே வேறொரு கணக்கு தீராமல் இருந்தது. 1836இல் எலைஜா ஏபல் என்ற கறுப்பினத்தவருக்குக் குருத்துவம் வழங்கிய சபை, 1852இல் யங்கின் கூற்றோடு அதைக் கறுப்பினத்தாருக்கு மறுத்தது. 1978 ஜூனில்தான் தடை நீங்கியது. நூலிலும் இதன் தடம் உண்டு. மனந்திரும்பும் லாமானியர் 'வெண்மை' அடைவர் என்ற சொல்லை 1840 பதிப்பில் ஸ்மித் 'தூய்மை' என மாற்றினார். பிந்தைய பதிப்புகள் பழைய பாடத்துக்கே திரும்பின. 1981இல் மீண்டும் 'தூய்மை' வந்தது. அதே 1981இன் முன்னுரை லாமானியரை அமெரிக்கத் தொல்குடியினரின் முதன்மை மூதாதையர் என்றது. 2006இல் அது 'மூதாதையருள் அடங்குவோர்' என்றாயிற்று. மரபணு ஆய்வுகள் தொல்குடியினரின் வேரை ஆசியாவில் காட்டிய பின் வந்த மாற்றம் இது. இடையில், லாமானியர் என்ற பெயரைச் சுமந்து மார்மன் வீடுகளில் தங்கிப் படிக்க அனுப்பப்பட்ட ஆயிரக்கணக்கான தொல்குடிப் பிள்ளைகள் வளர்ந்து முதியவர்களாகிவிட்டனர். ஒரு சொல்லைத் திருத்துவது எளிது. அச்சொல்லால் தம்மை அறிந்துகொண்டவர்கள் பதிப்பு மாறும்போது மாறிவிடுவதில்லை.

மார்மன்கள் கிறித்தவர்களா என்ற கேள்வியும் மொழியின் கேள்வியே. அவர்களின் திருமுழுக்கு வாசகம் பிதா, சுதன், பரிசுத்த ஆவி பெயராலேயே சொல்லப்படுகிறது. 2001இல் வத்திக்கான் அதைச் செல்லாது என்றது. சொற்கள் ஒன்றே ஆனாலும் பொருள் ஒன்றல்ல என்பதே காரணம்: மார்மன் இறையியலில் பிதாவுக்கு உடல் உண்டு, மூவர் ஒரே சாரம் அல்லர், மனிதரும் தெய்வநிலைக்கு வளரலாம். கிறித்தவம் யூதத்திலிருந்து பிரிந்தது போல மார்மனியம் கிறித்தவத்திலிருந்து பிரிந்த புதிய சமய மரபு என்றார் ஜேன் ஷிப்ஸ் தம் 1985 நூலில். அவர் மெத்தடிஸ்ட், மார்மன்களை நெருங்கி அறிந்தவர். இக்கருத்து ஆய்வாளர்களுக்கு நிறைவளித்தது; இயேசுவின் பெயரைத் தம் சபைப் பெயரிலேயே கொண்டவர்களுக்கு அவ்வளவாக அளிக்கவில்லை. 1982இல் மார்மன் நூலுக்கு 'இயேசு கிறிஸ்துவின் இன்னொரு சாட்சியம்' என்னும் துணைத்தலைப்பு சேர்க்கப்பட்டது இந்த மனத்தாங்கலின் விளைவு.

2010களின் தொடக்கத்தில் 'நான் ஒரு மார்மன்' என்ற விளம்பர இயக்கத்துக்குத் திருச்சபையே செலவிட்டது. 2018 அக்டோபரில் தலைவர் ரஸ்ஸல் நெல்சன் அப்பெயரைப் பயன்படுத்துவது சாத்தானுக்கு வெற்றி என்று அறிவித்தார். புகழ்பெற்ற பாடகர் குழுவின் பெயரிலிருந்தும் மார்மன் நீங்கியது. இன்று அச்சபையின் பதிவேட்டில் 1.7 கோடிக்கும் மேற்பட்டோர் உள்ளனர். எல்லாரும் முழுப் பெயரால் அழைக்கப்பட விரும்புவதாகத் தலைமை சொல்கிறது. தம்மை எப்படி அழைக்க வேண்டும் எனச் சொல்லும் உரிமை ஒரு சமூகத்துக்கு உண்டு. ஆயினும் ஸ்மித்தின் மரபில் வந்த சபை அது ஒன்றே அல்ல. யூட்டா, அரிசோனா எல்லையில் இன்றும் பலதாரமணம் பேணும் குழுக்களைச் செய்தித்தாள்கள் 'மார்மன் அடிப்படைவாதிகள்' என்று எழுதியபோது, அவர்கள் மார்மன்களே அல்லர் என்று நெடுங்காலம் ஆட்சேபித்தது சால்ட் லேக் தலைமை. இப்போது பெரிய சபை கைவிட்ட பெயரை அக்குழுக்கள் எவ்விதப் போட்டியுமின்றி வைத்திருக்கின்றன. 1965இல் தொடங்கப்பட்ட மார்மன் வரலாற்றுக் கழகமும் பெயரை மாற்றவில்லை. பிளவுண்ட எல்லாக் கிளைகளையும் சேர்த்துக் குறிக்க ஆய்வாளர்களுக்கு வேறு சொல் இன்னும் கிடைக்கவில்லை.